அத்திப்பள்ளியில் ஏறியவர்

அக்காவிடம் எதையும் பாதியில் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. "அப்புறம்?" என்பாள். சொல்ல வேண்டியது அவ்வளவுதான் என்றாலும் "அப்புறம்?" என்பாள். ரேஷன் கடை வரிசையில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்ததை ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தண்ணீர் தெளித்தார்களா, எழுந்தாரா, வீட்டுக்கு யார் கூட்டிக்கொண்டு போனார்கள், அரிசி வாங்கினாரா இல்லையா என்று பிடித்துக்கொண்டாள். எனக்கு என்ன தெரியும்? நான் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடியவள். சாயங்காலம் அவளே செருப்பை மாட்டிக்கொண்டு கடைவரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்தாள். பெரியவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டதாம். கடைக்காரரே அரிசியைக் கொண்டுபோய் அவர் வீட்டில் போட்டாராம். இதை என்னிடம் ஒப்பித்த பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

ஸ்ரீராம்புரத்தில் அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அவள் அடுப்பில் கடுகு வெடித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். இன்றைக்கு அவள் பெயரைச் சொன்னால் தமிழ் படிக்கிறவர்கள் தலையாட்டுவார்கள், புத்தகத்தின் பெயரைச் சொன்னால் கண்கூடக் கலங்குவார்கள். இரண்டையும் நான் சொல்லப்போவதில்லை. அவர்கள் தலையாட்டுவது வேறு யாரோ ஒருத்திக்கு. நான் சொல்வது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளைப் பற்றி.

ஒரு கல்யாண மண்டபத்தின் புக்கிங் ஆபீஸில் அவளுக்கு வேலை. முகூர்த்த மாதங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்டுவாள். அந்த இரண்டு மாதங்களில்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் காதல் நாவல் எழுதுவாள். ஊரில் ஒரு கல்யாணமும் நடக்காத நாட்களில் அவள் காகிதத்தில் மட்டும் தாலி கட்டிக்கொண்டிருப்பார்கள். எழுதியதைச் சென்னையில் ஒரு மாத நாவல்காரருக்கு அனுப்பிவைப்பாள். நாற்பதுக்கு மேல் எழுதியிருப்பாள். எல்லாவற்றையும் கம்பெனி பஸ்ஸில் பொம்மசந்திரா போய்ச் சேர்வதற்குள் படித்தவள் நான்.

ஒவ்வொரு நாவலும் கல்யாணத்தில்தான் முடியும். தாலி கட்டியதோடு விடமாட்டாள். பந்தி போட வேண்டும். எதிர்த்துக்கொண்டு நின்ற மாமன், காட்டிக்கொடுத்த தோழி, பணத்திமிர் பிடித்த அத்தை என்று அத்தனை பேரையும் இழுத்து வந்து இலைக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவாள். வில்லனுக்குமா அக்கா பாயசம் என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். "அவன் மட்டும் எங்கடி போவான்? அவனுக்குப் பசிக்காதா?" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. வில்லன் சாப்பிடாமல் போனால் அவளுக்கு நிஜமாகவே தூக்கம் வந்திருக்காது.

அவற்றில் ஒன்று மட்டும் அவளுடைய சொந்தக் கதை. அது எனக்கும் எங்கள் சந்துக்கும் தெரியும். வெளியாட்களிடம் அவள் சொன்னதில்லை.

அவள் அம்மா மாநகராட்சியில் தெருக்கூட்டும் வேலை பார்த்தவர். அக்கா கல்யாணத்துக்கு முன்னால் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். அங்கே பக்கத்து மிஷினில் நின்றவர்தான் மாமா. ஆனேக்கல் பக்கம் தோட்டம் துரவு உள்ள வீடு, வீட்டில் கன்னடம், சாதியும் வேறு. இரண்டு பேரும் ஓசூருக்குப் போய் மலைக்கோயிலில் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்து, வேலை விட்டதும் ஒரே பஸ்ஸில் ஏறுவதாகப் பேச்சு. அக்கா ஏறிவிட்டாள். அவர் வரவில்லை. அவருடைய சித்தப்பா எப்படியோ மோப்பம் பிடித்து தொழிற்சாலை வாசலில் வந்து நின்றிருக்கிறார். வண்டி புறப்பட்டுவிட்டது. பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துக்கொண்டு அக்கா அழுதபடியே போயிருக்கிறாள். மாமா பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து, ஒரு சிநேகிதனின் டிவிஎஸ்ஸில் பஸ்ஸைத் துரத்தி, ஓசூருக்கு முன்னால் அத்திப்பள்ளியில் மடக்கி ஏறினார். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு. கோயிலுக்குத்தானே போகிறோம், செருப்பு எதுக்கு என்று அக்கா மற்றதையும் கழற்றி ஜன்னல் வழியாக வீசிவிட்டாளாம். அதைச் சொல்லும்போதெல்லாம் மாமா வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்து வெளியே போய்விடுவார்.

இதை அப்படியே எழுதினாள். கடைசி அத்தியாயத்தில் பந்தியை மட்டும் கற்பனையாகச் சேர்த்தாள். ஸ்ரீராம்புரம் சந்தில் பந்தல் போட்டு, அவர் வீட்டு ஆட்களும் இவள் அம்மாவும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதாக. நிஜத்தில் ஆனேக்கலிலிருந்து ஒருவரும் வரவில்லை. கடைசிவரைக்கும் வரவில்லை. அந்த ஒரு பந்திக்காகத்தான் அவள் அந்த நாவலையே எழுதினாள் என்பது என் எண்ணம்.

மாத நாவல் என்றால் பக்கக் கணக்கு உண்டு. எழுத்து கூடினாலும் குறைந்தாலும் காகிதம் அத்தனைதான். அந்த மாதம் கடைசி நேரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடை விளம்பரம் வந்துசேர, அச்சகத்தில் கடைசி அத்தியாயத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் அதைப் போட்டுவிட்டார்கள். "வண்டி புறப்பட்டது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது" என்பதோடு கதை நின்றுபோயிற்று. பக்கத்தைத் திருப்பினால் ஒரு மணப்பெண் முகூர்த்தப் பட்டில் சிரிக்கிறாள். அக்கா போன் செய்து சண்டை போட்டாள். எப்படியும் கல்யாணம்தானே நடக்கப்போகிறது, உங்கள் வாசகிகளுக்குத் தெரியாதா என்று ஆசிரியர் சமாதானம் சொன்னாராம். அனுப்பிய தாள்களையும் எங்கேயோ தொலைத்துவிட்டிருந்தார்கள்.

"என்னை நடுரோட்டுல பஸ்ல உக்கார வெச்சிட்டுப் போயிட்டாங்க பாப்பா" என்று என்னிடம் அழுதாள். அடுத்த சில வாரங்களுக்கு மண்டபத்து ஜன்னலில் மண்டபம் கேட்டு வந்தவர்களைவிட மிச்சக் கதை கேட்டு வந்தவர்கள்தான் அதிகம். எங்கள் பேட்டைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவளும் சலிக்காமல் அத்திப்பள்ளியிலிருந்து ஆரம்பித்துப் பந்திவரைக்கும் சொன்னாள். ஊரில் முழுக்கதை தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

அப்புறம் மாத நாவல்கள் படுத்துவிட்டன. பஸ்ஸில் எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது. அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு விமர்சகர் வந்தார். கோயம்புத்தூர் பக்கத்துக்காரர், இங்கே ஐ.டி.யில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஒரு வாசகர் வட்டம் நடத்திக்கொண்டிருந்தார். அவென்யூ ரோடு நடைபாதையில் அக்காவின் நாவல் ஒன்று அவர் கையில் கிடைத்திருக்கிறது. எது என்று சொல்லவே வேண்டாம். படித்துவிட்டு ராத்திரி முழுக்க அழுததாகச் சொன்னார். ஜனங்கள் படிக்கிற காதல் கதை காலம் தாண்டி நிற்குமா என்று அவர்கள் வட்டத்தில் நீண்ட நாளாகச் சண்டையாம். நிற்கும், இதோ ஒன்று நிற்கிறது என்று இவர் கட்டுரை எழுதினார். ஒரு நல்ல பதிப்பகம் தங்களுடைய செவ்வியல் வரிசையில் அதைப் போட முன்வந்தது. இதைச் சொல்ல இனிப்புப் பெட்டியோடு ஸ்ரீராம்புரம் சந்துக்குள் வீடு தேடி வந்தார். நல்ல மனுஷர்தான். அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வாரமே உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதினாள். அடுத்தமுறை அவர் வந்தபோது கையில் கொடுத்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். அக்கா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு எதிரே நின்றாள். மாமா டீ போட்டுக்கொண்டு வந்தார். விமர்சகர் தாள்களை மடித்து மேஜைமேல் வைத்தார்.

"அம்மா, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இது வேண்டாம். அந்தக் காலி இருக்கைதான் நாவலையே தூக்கி நிறுத்துது. அவன் வந்துட்டா இதுவும் மத்த மாத நாவல் மாதிரி ஆயிடும்."

"அவன் ஏறினான் சார்" என்றாள் அக்கா. "அத்திப்பள்ளியில ஏறினான்."

எழுதுகிறவர்களுக்குத் தங்கள் பாத்திரங்கள் நிஜ மனிதர்கள்போல ஆகிவிடுவதுண்டு என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். தெருக்கூட்டுகிறவர் மகளைத் தேடி அப்படிப்பட்ட வீட்டுப் பையன் ஓடிவந்து சேர்வது கனவு, வராமல் போவதுதான் இந்த நாட்டின் நிஜம், அந்த நிஜத்தைப் பயப்படாமல் சொன்னதால்தான் இது இலக்கியம் என்றார். மாமா டீ டம்ளரை நீட்டிக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். பேச்சு நடுவில் சர்க்கரை போதுமா என்று அவரிடம் கேட்டார்.

இவர்தான் சார் அந்த ஆள் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாமா வேண்டாம் என்று கண்ணால் காட்டினார். ஆனேக்கலில் அவருடைய தம்பிகள் இருக்கிறார்கள். ஆறிப்போன பகையைப் புத்தகம் போட்டுக் கிளற அவருக்கு இஷ்டமில்லை.

அக்கா கடைசியாக ஒன்று கேட்டாள். "நம்ம பொண்ணு அழுதாத்தான் இலக்கியமா சார்? சிரிச்சா ஆவாதா?"

அவரிடம் பதில் இருந்தது, நீளமான பதில். எனக்கு அது புரிந்தது. அவளுக்கும் புரிந்திருக்கும். ஆனால் புரிந்ததால் ஆகப்போவது ஒன்றுமில்லை. உரிமை அவளிடம் இல்லை. என்றைக்கோ மாத நாவல்காரருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. பதிப்பகம் அவரிடம் வாங்கிவிட்டிருந்தது. அட்டையில் ஒரு காலி பஸ் இருக்கையைப் படமாகப் போட்டுப் புத்தகம் வந்தது.

வெளியீட்டு விழாவுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். காதல் நாவல் காலத்தை வெல்லுமா என்று மேடையில் அரைமணி நேரம் பேசினார்கள். ஒருவர் மாத நாவலெல்லாம் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்குவதற்குத்தான் என்றார். இன்னொருவர் இந்த நூல் விதிவிலக்கு என்றார். விமர்சகர் பேசும்போது, எழுதி முடித்தவுடன் எழுத்தாளர் இறந்துவிடுகிறார், பிரதி மட்டும் வாழ்கிறது என்றார். மாமா என் பக்கம் சாய்ந்து, யார் இறந்துவிட்டது என்று கவலையோடு கேட்டார். யாரும் இல்லை மாமா என்றேன். அக்கா மைக்கைப் பிடித்ததும் முதல் வேலையாக, அவன் அத்திப்பள்ளியில் ஏறிவிட்டான், யாரும் வருத்தப்படாதீர்கள் என்றாள். அரங்கம் சிரித்தது. பாசத்தோடுதான் சிரித்தார்கள். சின்னக் குழந்தை மேடையில் பாடினால் சிரிப்பார்களே, அப்படி.

புத்தகம் ஓடியது. காலேஜில் பாடமாக வைத்தார்கள். இங்கிலீஷில் போயிற்று. அக்காவைக் கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். போன இடமெல்லாம் அத்திப்பள்ளியைச் சொன்னாள். சொன்ன இடத்திலிருந்து மறுபடி அழைப்பு வரவில்லை. ஒரு ஊரில் ஒரு வாசகி எழுந்து, தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள், அந்தக் காலி இருக்கையை வைத்துக்கொண்டுதான் நான் என் வாழ்க்கையைத் தாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று அழுதாளாம். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அத்திப்பள்ளி அவள் பேச்சிலிருந்து கழன்றது.

எனக்கு என் அபிப்பிராயம் ஒன்று உண்டு. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஒரு காதல் நாவலை இலக்கியம் ஆக்கினார்கள் என்பது பொய். காதல் நாவலில் காதல் ஜெயிக்கும் இடத்தை ஒரு புடவைக் கடைக்காரர் வெட்டிக் கொடுத்தார். மிச்சமிருந்த நொண்டிக்கு அவர்கள் மாலை போட்டார்கள். எங்கள் பேட்டைப் பெண்கள் மண்டபத்து ஜன்னலில் நின்று கேட்டுவிட்டுப் போனார்களே, அந்தக் கதை எந்த வரிசையிலும் வரவில்லை. அது நின்றிருக்காது என்று எவருக்குத் தெரியும்? நிற்க விட்டுப் பார்த்தார்களா?

சரி, அவர்களை விடுங்கள். எனக்குப் பொறுக்காதது அக்கா செய்தது.

ஒரு பெரிய விருது வந்தது. பெரிய அரங்கம், கேமரா எல்லாம் வைத்திருந்தார்கள். முன்வரிசையில் மாமாவும் நானும். மாமா புதுச்சட்டை போட்டுக்கொண்டு, கழுத்துப் பட்டன்வரை மாட்டியிருந்தார். பேட்டி எடுத்த பெண், அந்த இருக்கையை ஏன் காலியாக விட்டீர்கள் என்று கேட்டாள். அக்கா எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

"அது என் கதைதாம்மா. நான்தான் அந்த பஸ்ல உக்காந்திருந்தேன். அவரு வரல" என்றாள். "நம்ம மாதிரி ஆளுங்களுக்கு யாரு வர்றாங்க?"

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அத்தனை பேர் தனக்காக எழுந்து நின்று அவள் ஆயுளில் பார்த்ததில்லை. நான் உட்கார்ந்தே இருந்தேன். மாமா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எல்லாரும் நிற்கிறார்களே என்று அவரும் எழுந்து நின்று கைதட்டினார்.

மறுநாள் அடுப்படியில் அவளைப் பிடித்துக்கொண்டேன். இப்படிச் சொல்ல உனக்கு வாய் எப்படி வந்தது, அந்த மனுஷர் முன்னால் உட்கார்ந்திருந்தாரே என்று கத்தினேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"வந்தான்னு சொன்னா அது மாத நாவலு பாப்பா. வரலன்னு சொன்னாத்தான் புஸ்தகம். இத்தினி வருஷமா வந்தவனையே எழுதிக்கினு இருந்தேன், எவன் மதிச்சான்?"

சத்தம் கேட்டு மாமா எட்டிப் பார்த்தார். "ஹோக்லி பிடு, விட்டுத் தள்ளு பாப்பா. அவ நல்லா இருந்தா சரி" என்றார். அவருக்காகக் கோபப்பட எனக்கு இருந்த உரிமையையும் அவரே பிடுங்கிக்கொண்டார். நான் சில மாதங்கள் அந்த வீட்டுப்படி ஏறவில்லை.

பிறகு போகத்தான் செய்தேன். ஆனால் அவள் மாறியிருந்தாள். ஊர் வம்பை நான் பாதியில் நிறுத்தினால் சரி என்று விட்டுவிடுவாள். எங்கள் சந்தில் ஒரு பெண் வீட்டைவிட்டுப் போய் நாலாம் நாள் திரும்பி வந்தாள். முன்னேயாக இருந்தால் அக்கா அந்த வீட்டு வாசலிலேயே குடியிருந்திருப்பாள். இப்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேட்டி எடுக்க வருகிறவர்களிடம் மட்டும் வராத ஆளைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெருகேற்றினாள். அவன் கண் எப்படி இருக்கும், கடைசியாக என்ன சொன்னான் என்றெல்லாம். மாமா அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவார், ஃபேனைத் திருப்பி வைப்பார்.

போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரம்கூட இருக்கவில்லை.

சந்தை அடைத்துச் சாமியானா போட்டிருந்தோம். வாசகர் வட்டத்திலிருந்து கூட்டமாக வந்தார்கள். விமர்சகர் மாலை வைத்துவிட்டு ஓரமாக நின்று நிஜமாகவே அழுதார். ஒயிட்ஃபீல்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண் மட்டும் நகராமல் இருந்தாள். கையில் அந்தப் புத்தகம். எல்லாரும் கிளம்பிய பிறகு மாமாவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் அவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

அவள் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். "ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. அந்த முதல் ஆளு, பஸ்ஸுக்கு வராதவரு. அவரைப் பத்தி அம்மா உங்ககிட்ட எப்பவாவது பேசியிருக்காங்களா?"

நான் வாயைத் திறந்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தவளைப் பார்த்தார்.

"பேசுவா ம்மா" என்றார். "பாவம், அவனுக்கு அன்னிக்கி இன்னா கஷ்டமோன்னு சொல்லுவா. அவன் மேல அவளுக்குக் கடேசி வரைக்கும் கோவமே இல்ல."